கல்லூரி இணையதளத்தில் மாணவர் விவரங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாணவர்களின் விவரங்கள் கசிய ஹேக்கர் வர வேண்டும் என்பதில்லை. பல நேரம் கல்லூரியே அவற்றைப் பிடிஎஃப் ஆக்கித் தளத்தில் ஏற்றிவிடுகிறது.

சேர்க்கைப் பட்டியலையே பாருங்கள். அலுவலக எக்செலில் இருந்த பெயர், பிறந்த தேதி, இனப்பிரிவு, அப்பாவின் செல்பேசி எண் எல்லாமே அப்படியே வெளியாகும். இடஒதுக்கீடு முறையாக நடந்ததா என்று பார்க்க விண்ணப்ப எண், மதிப்பெண், இனப்பிரிவு போதும். செல்பேசி எண் எதற்கு? உதவித்தொகைப் பட்டியல் இன்னும் மோசம். அதில் வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும்கூட இருக்கும். ‘உதவித்தொகை வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள்’ என்று பெற்றோரிடம் பேசி ஏமாற்றுகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்? எண்ணின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்தாலும் பயனில்லை. பல பிடிஎஃப்களில் அதை காப்பி செய்து ஒட்டினால் அடியில் இருப்பது வந்துவிடும். தேவையில்லாத நெடுவரிசைகளை எக்செலிலேயே நீக்கிவிட்டுப் பிடிஎஃப் ஆக்குங்கள்.

அடுத்தது, பதிவு எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் மாணவரின் கணக்குக்குள் நுழையலாம் என்ற ஏற்பாடு. பதிவு எண்கள் வரிசையாக வருபவை. ஒரே வகுப்பினர் மூன்று ஆண்டு இடைவெளிக்குள் பிறந்தவர்கள் என்று வைத்தால், முயன்று பார்க்க வேண்டியவை 1,100 தேதிகள்கூட இல்லை. தானாக முயன்று பார்க்கும் சிறு ஸ்கிரிப்ட் (நிரல்) ஒன்று சில நிமிடங்களில் முடித்துவிடும். ஓடிபி வையுங்கள், ஐந்து முறை தவறினால் பூட்டுங்கள்.

சரி, உள்ளே நுழைந்த பிறகு? ஹால் டிக்கெட் பக்கத்தின் முகவரியில் கடைசி எண்ணை மாற்றினால் இன்னொருவருடையது திறக்கிறதா என்று உங்கள் தளத்தில் சோதியுங்கள். திறந்தால், கேட்பவர் யார் என்று சர்வர் பார்க்கவே இல்லை என்று பொருள். தளம் செய்து கொடுத்தவரிடம் இன்றே சொல்லுங்கள்.

அப்புறம், வேர்ட்பிரஸில் உருவாக்கிய தளமென்றால் அதன் பழைய பிளகின் (துணைநிரல்), விலகிய ஊழியரின் மூடாத அட்மின் கணக்கு, தளத்திலேயே கிடக்கும் பேக்கப் ஜிப் கோப்பு: இவற்றைச் சரிசெய்ய ஒரு மதியம் போதும்.

2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. 18 வயது நிறையாதவர் அதன்படி குழந்தை. முதலாண்டு மாணவர் பலருக்கு 17 வயதுதான், அதனால் இன்னும் கவனம் தேவை. இணையத் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் உள்ள விதி. உங்கள் கல்லூரியில் அதை யார் செய்வார் என்று இப்போதே முடிவு செய்து, அவர் பெயரையும் எண்ணையும் அலுவலகத்தில் எழுதி வையுங்கள்.