மேல்மலை ஊர்களில் கண்புரை முகாம்: நடத்தும் சங்கத்தின் வேலைகள்

கண் முகாமில் மருத்துவர், கருவிகள், அறுவைச் சிகிச்சை எல்லாம் மருத்துவமனையின் பொறுப்பு. ஆள் சேர்ப்பது, இடம், சாப்பாடு, வண்டி, ஊர் திரும்பிய பிறகு கவனிப்பது ஆகியவை சங்கத்தின் பொறுப்பு. அரிமா சங்கம், ரோட்டரி, ஊர் இளைஞர் மன்றம் என்று யார் நடத்தினாலும் இந்தப் பங்கீடு மாறாது. சமவெளியில் சங்கம் கொஞ்சம் அசந்தாலும் ஒப்பேறிவிடும். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை போன்ற கொடைக்கானல் மேல்மலை ஊர்களில் அது நடக்காது. அங்கே முகாமுக்கு வருகிறவர்களைவிட, அறுவைச் சிகிச்சைக்குத் தேர்வான பிறகு நழுவிப் போகிறவர்களைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

கண் மருத்துவமனையின் முகாம் பிரிவோடு இரண்டு மாதம் முன்பே பேசிவிடுங்கள். அரசின் மாவட்டப் பார்வை இழப்பு தடுப்புச் சங்கத்துக்கு யார் தகவல் தருவது என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். முகாம் நடக்கும் பள்ளிக்கூடத்தில் பரிசோதனை மட்டும்தான். அறுவைச் சிகிச்சை மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில்தான் நடக்க வேண்டும். கூடாரத்திலும் வகுப்பறையிலும் அறுவைச் சிகிச்சை செய்த காலம் போய்விட்டது. கண்ணில் சீழ் வைத்துப் பார்வை பறிபோகும் ஆபத்தே அதற்குக் காரணம்.

தேதியும் நோட்டீசும்

எல்லா ஊரிலும் ஞாயிற்றுக்கிழமை முகாம் வைப்பது வழக்கம். மேல்மலையில் அது சரிப்படாது. ஞாயிறு கொடைக்கானல் சந்தை. வீட்டில் வண்டி ஓட்டக்கூடியவர் சந்தைக்குப் போயிருப்பார். பள்ளிக்கூடம் கிடைக்க வேண்டும் என்பதால் சனிக்கிழமை நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் மண்சரிவும் இருக்கும், ஜனவரியில் உறைபனி. பிப்ரவரி, மார்ச் வசதியான மாதங்கள். பூண்டு எடுக்கும் வாரமும் குழந்தை வேலப்பர் கோயில் தேர் வரும் நாட்களும் எப்போது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள்.

நோட்டீசில் சங்க நிர்வாகிகளின் படத்துக்கு இடம் ஒதுக்கியது போக மிச்சத்தில்தான் விவரம் போடுகிறார்கள். படத்தை விட்டுவிட்டு இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்: "தேர்வானவர்கள் அன்று மாலையே பேருந்தில் போக வேண்டும். இரண்டு மாற்றுத் துணி, ஸ்வெட்டர், ஆதார் நகல், மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அது, இப்போது சாப்பிடும் மாத்திரைகள் அட்டையோடு கொண்டு வரவும். முதல் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வரவும்." தலைக்குளியலைச் சொல்லக் காரணம், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சில நாட்களுக்குத் தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது. குளிரில் வாரக்கணக்காகக் குளியலைத் தள்ளிப்போடும் பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

நோட்டீஸ் மட்டும் போதாது. முகாமுக்கு முந்தைய இரண்டு நாள் ஜீப்பில் மைக் கட்டி அறிவியுங்கள். ரேஷன் கடை, பால் ஊற்றும் இடம், டீக்கடை மூன்றிலும் நேரில் சொல்லுங்கள். பளியர் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு மைக் சத்தம் எட்டாது. கிராம சுகாதார செவிலியரோடு போய்ப் பேசுவதுதான் வழி.

முகாம் அன்று

100 பேரை எதிர்பார்த்தால் தன்னார்வலர்கள் 12 பேர், நாற்காலி 60, டோக்கன் 150, பதிவேடு இரண்டு தேவை. இரண்டாவது பதிவேடு, தேர்வானவர்களுக்கு மட்டும். அதில் நோயாளியின் எண்ணோடு வீட்டில் இருக்கும் இன்னொருவரின் எண்ணையும் எழுதுங்கள். மேல்மலையில் எந்த போனுக்கு எப்போது சிக்னல் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

பார்வை அட்டையை, உட்கார்ந்தவரின் கண் மட்டத்துக்குச் சுவரில் மாட்டி, நாற்காலியை 6 மீட்டர் தள்ளிப் போடுங்கள். டேப் வைத்து அளந்து தரையில் சாக்பீஸால் கோடு போட வேண்டும். அறை சிறிதாக இருந்தால் மருத்துவமனை ஊழியரிடம் கேளுங்கள். முகம் பார்க்கும் கண்ணாடி வைத்து 3 மீட்டரில் பார்க்க வேறு அட்டை உண்டு. மூடுபனி இறங்கினால் வகுப்பறை மதியத்திலேயே இருட்டிவிடும். அட்டைக்கு மேலே ஒரு குழல் விளக்கு கட்டுங்கள். மங்கலான வெளிச்சத்தில் எடுத்த அளவில் நல்ல கண்ணும் கெட்ட கண்ணாகத் தெரியும். எழுத்துத் தெரியாதவர்களுக்கு நான்கு திசையில் திரும்பிய ஆங்கில 'E' எழுத்து அட்டை இருக்கிறது. திறந்த பக்கத்தைக் கையால் காட்டச் சொன்னால் போதும். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லும்போது அழுத்த விடாதீர்கள். அழுத்திய கண் அடுத்த சில நிமிடங்களுக்கு மங்கலாகவே இருக்கும், அந்த அளவும் தப்பாகிவிடும்.

மருத்துவர் பார்க்கும் அறை இதற்கு நேர்மாறாக இருட்டாக இருக்க வேண்டும். ஜன்னலில் கறுப்புத் துணி அடித்து, கருவிகளுக்கு ஜெனரேட்டர் தயாராக வையுங்கள்.

கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை மருத்துவமனை ஊழியர் மட்டுமே விட வேண்டும். விட்டபின் 20, 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு சில மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும், கிட்டப் பார்வை மங்கும். இந்த நிலையில் பெரியவரைத் தனியாகப் படிக்கட்டு நிலத்தில் இறங்கி வீட்டுக்குப் போகவிட்டால் விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். பேரனோ பக்கத்து வீட்டுக்காரரோ வரும்வரை உட்கார வைத்துச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள்.

மாத்திரை அட்டையைப் பார்க்கும் மேசையில் கொஞ்சம் படித்த ஆளைப் போடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையைத் தானாக நிறுத்தச் சொல்லக் கூடாது; எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். சிறுநீர் அடைப்புக்கு டாம்சுலோசின் சாப்பிடும் ஆண்களைக் கட்டாயம் குறியுங்கள். அது அறுவைச் சிகிச்சையின்போது கண்ணின் கருவிழித் திரையைத் தொளதொளக்க வைக்கும். முன்பே தெரிந்தால் மருத்துவர் தயாராக இருப்பார். கண்ணீர்ப்பையில் சீழ் இருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் கண்புரை அறுவைச் சிகிச்சை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறியிருந்தாலும் தள்ளிப்போடுவார்கள். இவர்களை "தேர்வாகவில்லை" என்று சும்மா அனுப்பிவிடாமல், அடுத்த முறைக்கான பட்டியலில் எழுதுங்கள்.

வெள்ளெழுத்துக்கு ஆயத்தக் கண்ணாடி கொடுக்கலாம், +1 முதல் +3 பவர் வரை. பழைய கண்ணாடிகளைச் சேகரித்துக் கொடுக்கும் பழக்கம் சில சங்கங்களில் இருக்கிறது. தேடி எடுத்து, அளந்து, பொருத்தும் நேரத்துக்குப் புதுசு வாங்குவதே லாபம்.

பேருந்து

100 பேர் வந்தால் 15 முதல் 25 பேர் தேர்வாகலாம் என்ற கணக்கில் வண்டி பேசுங்கள். அன்று மாலையே கிளம்ப வேண்டும். "திங்கட்கிழமை வருகிறேன்" என்று வீட்டுக்குப் போனவரைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம். அவரைத் தடுப்பது பெரும்பாலும் பயமில்லை: மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆளில்லை, பூண்டுக் கொல்லைக்குக் காவல் இல்லை. அதற்குச் சங்கம் ஆள் ஏற்பாடு செய்தால் பாதிப் பேர் ஏறிவிடுவார்கள். "புரை முற்றட்டும்" என்று சொல்பவரிடம், முற்றிக் கெட்டியான புரைதான் அறுவைக்குச் சிரமம் என்று மருத்துவரையே சொல்லச் சொல்லுங்கள்.

துணைக்கு வீட்டார் வேண்டாம் என்று பல மருத்துவமனைகள் சொல்லும். ஆணும் பெண்ணுமாக ஊரில் தெரிந்த இரண்டு தன்னார்வலர்களை அனுப்புங்கள். மலையிறங்கி வத்தலக்குண்டு வரை கொண்டை ஊசி வளைவுகள்தான். போகும்போது வாந்தி வந்தால் தொந்தரவு. திரும்பும்போது வந்தால் முக்கி எடுக்கும் வேகத்தில் புது காயத்துக்கு அழுத்தம் ஏறும். வாந்தி வருபவர் யார் என்று போகும்போதே குறித்து, திரும்பும்போது அவர்களை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். கிளம்பும் முன் வயிறு நிறையச் சாப்பாடு வேண்டாம். மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்டுக் கையோடு வாங்கிவிடுங்கள். ஓட்டுநரிடம் மெதுவாகப் போகச் சொல்வதற்குக் கூலி கூடக் கொடுத்தாலும் தகும்.

ஊர் திரும்பிய பிறகு

முதல் வாரம் தினம் ஒரு தன்னார்வலர் வீட்டுக்குப் போக வேண்டும். சொட்டு மருந்து பாட்டிலின் நுனி இமையில் படாமல் விடுவதை ஒருமுறை செய்து காட்டுங்கள். இரண்டு மருந்து இருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதை அடித்துக்கொண்டு போய்விடும்.

கண்ணை மறைக்காமல் விறகடுப்பு ஊதுவது, பூண்டுக்குப் புகை போடும் அறையில் படுப்பது, கேரட் கழுவும் இடத்தில் வேலை செய்வது, பூச்சிமருந்து அடிப்பது, விறகுக்கட்டு சுமப்பது ஆகியவற்றை மருத்துவர் சொல்லும் காலம் வரை நிறுத்தச் சொல்லுங்கள். கேரட் கழுவும் தண்ணீர் கண்ணில் தெறித்தால் போதும், கிருமி ஏறிவிடலாம்.

வலி கூடுவது, கண் சிவப்பது, பார்வை குறைவது ஆகிய மூன்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். காலை வரை பார்க்கலாம் என்று விட்டால் கண் போய்விடலாம். இதற்காக ஒரு ஜீப்பும் ஓட்டுநரின் எண்ணும் முதல் பத்து நாட்களுக்குத் தயாராக இருக்கட்டும். செலவைப் பட்ஜெட்டில் முன்பே ஒதுக்குங்கள்.

சுமார் ஒரு மாதம் கழித்துப் பார்வை அளந்து கண்ணாடி எழுத வேண்டும். மருத்துவமனைக் குழு மன்னவனூருக்கே வர முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் அதே பேருந்து, அதே பதிவேடு. மற்ற கண்ணிலும் புரை இருப்பவர் பெயரை அன்றே அடுத்த முகாமின் பட்டியலில் முதலில் எழுதுங்கள்.