கீஸ் கோமகன்: எழுதும்போது சறுக்கும் இடங்கள்

கத்தோலிக்கருக்கும் ஹியூகனாட்டுகள் எனப்பட்ட பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளுக்கும் நடந்த பிரெஞ்சு மதப்போர்களில் (1562–1598) கத்தோலிக்கத் தரப்பின் பெரிய பெயர் கீஸ் கோமகன். அந்தப் பட்டத்துக்குள் தந்தை, மகன் என இரண்டு பேர் இருக்கிறார்கள். முதல் குளறுபடி அங்கேயே தொடங்குகிறது. தந்தை பிரான்சுவா 1558 ஜனவரியில் ஆங்கிலேயரிடமிருந்து கலே துறைமுகத்தைப் பிடித்தவர். மகன் ஹென்றி, ஹியூகனாட்டுகளை எதிர்த்த கூட்டணியான கத்தோலிக்க லீக்கின் தலைவர். இருவர் முகத்திலும் போர்த் தழும்பு உண்டு, ‘தழும்பு முகத்தார்’ என்ற பட்டப்பெயரும் இருவருக்கும் பொது. தந்தை 1545இல் பூலோன் அருகிலும், மகன் 1575இல் டோர்மான் சண்டையிலும் காயம்பட்டார்கள். எனவே பட்டப்பெயரை நம்பாமல் ஆண்டைப் பாருங்கள். 1563 பிப்ரவரியில் ஓர்லேயான் முற்றுகையின்போது பிரான்சுவா சுடப்பட்டு இறந்தார்; அதற்குப் பின் 1588 டிசம்பர் வரை கீஸ் கோமகன் என்றால் ஹென்றிதான். அவருக்குப் பிறகு லீக்கை நடத்தியவர் தம்பி மயேன் கோமகன்.

அடுத்த சறுக்கல் வாஸி என்ற ஊரில் 1562 மார்ச் 1இல் நடந்த படுகொலை. அந்த ஜனவரியில் வந்த அரசாணை சீர்திருத்தச் சபையினர், அதாவது ஹியூகனாட்டுகள், நகர மதிலுக்கு வெளியே வழிபட அனுமதித்தது. வாஸியில் அவர்கள் கூடிய தானியக் கொட்டகையோ மதிலுக்கு உள்ளே இருந்தது. கீஸின் ஆட்கள் உள்ளே நுழைய, தள்ளுமுள்ளாகி, கற்கள் பறந்து, பிரான்சுவாவும் அடிபட்டார். பிறகு துப்பாக்கிகளும் வாள்களும் பேசின. சுமார் ஐம்பது பேர் இறந்தார்கள், நூறு பேருக்கு மேல் காயம். கூட்டம் கூடிய இடம் ஆணைக்கு மாறானது என்பதும் உண்மை, செத்தவர்கள் நிராயுதபாணிகள் என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்கினால் அது கட்சிப் பிரசுரம்தான். முன்கூட்டியே திட்டமிட்டார்களா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ‘திட்டமிட்ட படுகொலை’ என்று அடித்து எழுத வேண்டாம்.

1572இல் பாரிஸில் ஹியூகனாட்டுகள் கொல்லப்பட்ட பார்த்தலோமேயு படுகொலை முழுவதையும் ஹென்றி கீஸின் தலையில் கட்டுவதும் வழக்கம். மூன்று கட்டங்களைப் பிரித்துப் பாருங்கள். ஆகஸ்ட் 22இல் ஹியூகனாட் தலைவர் கொலிஞியைச் சுட்டும் அவர் பிழைத்தார். ஏவியது யார் என்பது தகராறிலேயே இருக்கிறது. 24 விடியலில் அவரைக் கொன்றது அரசவையின் முடிவு, நிறைவேற்றியது கீஸின் ஆட்கள். ஹென்றி கீழே முற்றத்தில் நிற்க, உடல் ஜன்னல் வழியே வீசப்பட்டது. அதன் பிறகு நாள்கணக்கில் தெருத்தெருவாக நடந்த கொலைகளில் நகரக் காவல்படையினரும் பொதுமக்களும் இறங்கினார்கள். 24ஆம் தேதி காலை ஹென்றி, சாங்-ஜெர்மேன் புறநகரிலிருந்து தப்பியவர்களைத் துரத்தப் புறப்பட்டார். நகர வாயிலைத் திறக்கத் தவறான சாவிகள் வந்து சேர, அந்தத் தாமதத்தில் அவர்கள் நழுவிவிட்டார்கள்.

கொலிஞிமீது ஏன் அந்த வன்மம்? பிரான்சுவாவைச் சுட்ட பொல்த்ரோ, விசாரணையில் கொலிஞி பெயரைச் சொன்னார். பணம் கொடுத்தது உளவுக்குத்தான் என்றார் கொலிஞி. 1566இல் அரசர் அவரை நிரபராதி என்று அறிவித்தும் கீஸ் குடும்பம் மனம் ஆறவில்லை. மதத்தை மட்டும் வைத்து எழுதினால் இந்தக் குடும்பப் பகை விடுபட்டுப் போகும். ஹியூகனாட் தளபதி கொந்தே, பிரான்சுவாவுக்குத் தாய்வழி மாமன் மகன் என்பதும் விடுபட்டுப் போகும். எதிர்த் திசையில் பாருங்கள்: கத்தோலிக்கரான மொன்மொரான்சி-டாம்வில் 1570களில் தெற்குப் பிரான்சின் லாங்தோக்கில் ஹியூகனாட்டுகளோடு கைகோத்தார்.

‘ஹென்றி கீஸ் அரியணை கேட்டார்’ என்பதை நேரடியாக எழுதாதீர்கள். 1584 கடைசியில் ஸ்பெயினோடு செய்த ஜுவான்வில் ஒப்பந்தத்தில் லீக் அரியணை வாரிசாக முன்னிறுத்தியது முதியவரான கார்டினல் பூர்போனை. பழைய பேரரசர் சார்லமேன் வழிவந்த உரிமை கீஸ் குடும்பத்துக்கு உண்டு என்பது துண்டறிக்கைகளில் உலவியது. உள்ளூர ஆசை இருந்திருக்கலாம், அதை ஊகம் என்றே குறிப்பிடுங்கள்.

கத்தோலிக்கத் தலைவரைக் கொன்றது ஹியூகனாட்டுகள்தான் என்று பலர் ஊகித்துவிடுகிறார்கள். 1588 டிசம்பர் 23இல் புளோவா கோட்டையில் ஹென்றி கீஸைக் குத்திக் கொன்றது கத்தோலிக்க அரசர் மூன்றாம் ஹென்றியின் மெய்க்காவலர்கள். தம்பி கார்டினல் லூயி கொல்லப்பட்டது மறுநாள். இரண்டையும் ஒரே நாளில் போடாதீர்கள். பழைய ஆங்கில ஏடுகளில் டிசம்பர் 13 என்று கண்டால் பிழையென்று திருத்த வேண்டாம்: பிரான்ஸ் 1582இலேயே புதிய (கிரிகோரியன்) நாட்காட்டிக்கு மாறிவிட்டது, இங்கிலாந்து அப்போது மாறவில்லை; இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம்.