நூற்பதிவுகள் சத்தமில்லாமல் தொலையாதிருக்க: ஸ்கிரிப்ட் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மென்பொருளிலிருந்து, நூலக மேலாண்மை மென்பொருளான கோஹாவுக்கு மாறும் நூலகம், மார்க் 21 என்ற நூற்பட்டியல் வடிவத்தில் உள்ள பல்லாயிரம் பதிவுகளை ஒரே மூச்சில் ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) வழியாக ஓட்ட வேண்டியிருக்கும். ஸ்கிரிப்ட் பாதியில் பிழைச் செய்தியோடு நின்றுவிட்டால் பதற வேண்டியதில்லை. கோளாறு எந்தப் பக்கம் என்று அதுவே காட்டிவிடுகிறது. அஞ்ச வேண்டியது, ஒரு குறையும் சொல்லாமல் ஓடி முடித்துவிட்டுச் சில நூறு பதிவுகளைத் தொலைத்திருக்கும் ஸ்கிரிப்டுக்குத்தான். நூல் அலமாரியில் இருக்கும். தேடி வரும் வாசகருக்கு 'இல்லை' என்று பதில் வரும். யாரும் புகார் சொல்லாததால் அந்த இழப்பு ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

இதற்கு முதல் வாசல், பைத்தான் நிரல்மொழியில் வெறும் 'எக்ஸெப்ட்' எழுதி அதன் கீழே 'பாஸ்' போடுவது. எந்தப் பிழை வந்தாலும் விழுங்கிவிட்டு நகர்ந்துவிடு என்பதே இதன் பொருள். பதிவு சிதைந்திருப்பதும், நிரலில் ஒரு மாறியின் பெயரை நீங்கள் தவறாகத் தட்டியிருப்பதும் ஒரே இருட்டுக்குள் போய்விடும். எதிர்பார்க்கும் பிழையை மட்டும் பெயர் சொல்லிப் பிடியுங்கள். மற்றவை ஸ்கிரிப்டை நிறுத்தட்டும்.

மார்க் பதிவுகளைப் படிக்க உதவும் பைத்தான் தொகுப்பான பைமார்க்கைப் பயன்படுத்துவோர் இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. படிக்க முடியாத பதிவு வந்தால், அதன் வாசிப்பான் ஓட்டத்தை முறிக்காமல் 'நன்' என்ற வெற்று மதிப்பைத் தருகிறது. 'நன் வந்தால் அடுத்ததற்குப் போ' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. கோளாறு அந்தப் பதிவுக்குள் அடங்கியதென்றால் அடுத்த பதிவு ஒழுங்காக வரும். பதிவின் நீளமே தவறு என்பதுபோல் கோப்பின் கட்டமைப்பு உடைந்திருந்தாலோ, 'நன்' கொடுத்த கையோடு வாசிப்பு முடிந்துவிடும். 40,000 பதிவுகள் கொண்ட கோப்பில் 12,000ஆவது இடத்தில் இப்படி நேர்ந்தால் மிச்சம் 28,000 பதிவுகள் படிக்கப்படவே இல்லை. ஆனால் வேலை இயல்பாக முடிந்ததுபோலவே திரையில் தெரியும். ஆகவே 'நன்' வந்ததும் நேர்ந்த பிழையைச் சொல்லும் வாசிப்பானின் 'கரண்ட் எக்ஸெப்ஷன்' எந்த வகை என்று பாருங்கள். அந்தப் பதிவின் மூல வடிவமாக 'கரண்ட் சங்க்' வைத்திருக்கும் பைட்டுகளைத் திருத்தாமல், சுத்தம் செய்யாமல், அப்படியே தனிக் கோப்பில் எழுதி வையுங்கள்.

நீளம் ஏன் தவறுகிறது? மார்க் பதிவுகளைக் கோப்பில் எழுதும் ஐஎஸ்ஓ 2709 வடிவத்தில் ஒவ்வொரு பதிவும் 24 இடங்கள் கொண்ட தலைப்பகுதியோடு தொடங்குகிறது. அதன் முதல் ஐந்து இலக்கங்கள் பதிவின் முழு நீளம். அந்த நீளம் பைட் கணக்கு, எழுத்துக் கணக்கு இல்லை. தமிழில் இந்த வேறுபாடு பெரியது. 'நூலகம்' என்ற சொல் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் அது 6 குறியீடுகள். அதைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 18 பைட். பைட்டுகளுக்குப் பதில் இந்தக் குறியீடுகளை எண்ணி நீளத்தை எழுதும் ஸ்கிரிப்ட், இந்த ஒரு சொல்லிலேயே 12 பைட் குறைத்துவிடுகிறது. அடுத்து வாசிக்கும் நிரல் அந்தப் பதிவின் நடுவிலேயே நின்று, அங்கிருந்து அடுத்த பதிவு தொடங்குவதாக எண்ணிக்கொள்ளக்கூடும். அப்போது பிழைச் செய்தி எந்தக் குற்றமும் செய்யாத பதிவின் மேல் விழும். செய்தி சுட்டும் பதிவில் ஒன்றும் தென்படவில்லையென்றால் அதற்கு முந்தைய பதிவைத் திறந்து பாருங்கள்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஒவ்வொரு பதிவும் பதினாறடிமானத்தில் (ஹெக்ஸாடெசிமலில்) 1டி என்ற பைட்டோடு முடிகிறது. யுடிஎஃப்-8இல் தமிழ் எழுத்தின் மூன்று பைட்டுகளும் அதே கணக்கில் 80 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்புடையவை என்பதால் நூலின் பெயருக்குள் 1டி தற்செயலாக வர வாய்ப்பில்லை. ஓட்டத்துக்கு முன்பு மூலக்கோப்பில் 1டி எத்தனை என்று எண்ணி வையுங்கள். முடிந்தபின் எழுதப்பட்ட பதிவுகளையும் ஒதுக்கப்பட்ட பதிவுகளையும் கூட்டினால் அதே எண் வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஏற்றக் கூடாது.

எழுத்துக் குறியாக்கக் கோளாறு பிழைச் செய்தி தராமலேயே நுழைந்துவிடும். தலைப்பகுதியில் பூஜ்யத்திலிருந்து எண்ணி வரும் 09ஆம் இடம் வெற்றாக இருந்தால் பதிவு மார்க்-8 என்ற பழைய குறியாக்கம், 'ஏ' இருந்தால் யூனிகோடு. மார்க்-8இல் தமிழ் எழுத்துகள் கிடையாது. எனவே அந்த இடம் வெற்றாக இருந்து உள்ளே தமிழ் இருந்தால் தலைப்பகுதி பொய் சொல்கிறது என்று கொள்ளலாம். இந்த நேரத்தில் புரியாத பைட்டுகளை 'இக்னோர்' செய், 'ரீப்ளேஸ்' செய் என்று அமைப்பை மாற்றுவதுதான் மிக மோசமான தீர்வு. செய்தி நின்றுவிடும், ஆனால் நூலின் பெயரிலிருந்து உதிர்ந்த எழுத்தை அந்தக் கோப்பிலிருந்து மீட்க முடியாது.

உள்ளடக்கப் பிழையைக் கட்டமைப்புப் பிழைபோல நடத்துவதும் தவறு. பதிவின் எண்ணிட்ட பகுதிகளான புலங்களில், 020 புலத்தில் உள்ள ஐஎஸ்பிஎன் என்ற பன்னாட்டு நூல் எண்ணின் சரிபார்ப்பு இலக்கம் பொருந்தவில்லை என்பதற்காக முழுப் பதிவையும் தள்ளிவிடுகிறார்கள். நூலின் மேல் பதிப்பாளரே தவறான எண்ணை அச்சிட்டிருக்கலாம். அப்படிப்பட்ட எண்ணுக்கென்றே அதே புலத்தில் 'இசட்' துணைப்புலம் இருக்கிறது. எண்ணை அங்கே மாற்றி, குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் பதிவை விடுங்கள்.

பாதியில் நின்ற வேலையை முதலிலிருந்து மீண்டும் ஓட்டினால் இரட்டைப் பதிவுகள் பெருகும். முடிந்தவற்றின் கட்டுப்பாட்டு எண்ணைக் குறித்துக்கொண்டே போங்கள். அந்த எண் இருக்கும் 001 புலம் மட்டும் போதாது. பல நூலகங்களின் பதிவுகள் கலந்திருந்தால் எண்ணைக் கொடுத்தவர் யார் என்று காட்டும் 003ஐயும் சேர்த்தால்தான் எண் தனித்து நிற்கும். மூலக்கோப்பின் மேலேயே எழுதுவது எந்தச் சூழலிலும் வேண்டாம். கோஹாவில் மொத்தமாக ஏற்றும் ஸ்கிரிப்டுக்குச் சோதனை முறை உண்டு. முதல் ஓட்டம் அதில்தான் நடக்க வேண்டும்.

ஒதுக்கிய பதிவுகளின் குறிப்பேட்டை, நிரலாளர் ஒருவருக்கே புரியும் வரிகளால் நிரப்பாதீர்கள். அதைத் திருத்தப் போகிறவர் பட்டியலாக்கம் செய்யும் நூலகர். கோப்பின் பெயர், அதில் எத்தனையாவது பதிவு, கட்டுப்பாட்டு எண், படிக்க முடிந்தால் நூலின் பெயர், '245 புலம் (நூலின் பெயர்) இல்லை' என்பதுபோல் நேரடியான காரணம் ஆகிய இவ்வளவும் ஒரே வரியில் இருந்தால், அவர் நூலை அலமாரியிலிருந்து எடுத்து அன்றைக்கே சரிசெய்துவிடுவார்.