நெஞ்செரிச்சல்: ‘உடனே கேட்டது’ என்று நம்பிச் செய்யும் தவறுகள்

நெஞ்செரிச்சலுக்கு யாரிடம் கேட்டாலும் ஒரு கைவைத்தியம் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சான்றுதான்: ‘குடித்த உடனே கேட்டது.’ அந்த ‘உடனே’யில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முதல் ஐந்து நிமிடம் இதமாக இருப்பது, ஒரு மணி நேரம் கழித்து எரிச்சலை வட்டியோடு திருப்பித் தரலாம்.

வயிற்றில் அமிலம் இருப்பதே கோளாறு என்று நினைப்பது முதல் பிழை. புரதம் செரிக்கவும், உணவோடு வரும் கிருமிகள் சாகவும் அமிலம் வேண்டும். இரைப்பையின் உட்சுவரைச் சளிப்படலம் காக்கிறது. உணவுக்குழாய்க்கு அத்தகைய வலுவான காப்பு இல்லை. இரண்டும் சேரும் இடத்தில் உள்ள தசை வளையம் தேவையில்லாத நேரத்தில் தளர்ந்தால் அமிலம் மேலேறி நெஞ்சு எரிகிறது. பலருக்கு அமிலத்தின் அளவு இயல்பாகவே இருக்கும். அது போய்ச் சேரும் இடம்தான் தவறு.

இதை மனத்தில் வைத்துப் பார்த்தால் புதினாவின் கதை புரியும். சாப்பிட்டபின் புதினா மிட்டாயோ புதினாத் தேநீரோ எடுத்தால் தொண்டை குளிர்கிறது, ஏப்பம் வருகிறது, வயிறு இளகியதுபோல் இருக்கிறது. புதினா தசையைத் தளர்த்துவதால் கிடைக்கும் சுகம் அது. ஆனால் எந்த வளையம் இறுக்கமாக இருக்க வேண்டுமோ அதையும் சேர்த்தே தளர்த்திவிடுகிறது. குடல் பிடிப்புக்கு நல்லதாக இருக்கும் அதே மூலிகை, எதுக்களித்தல் உள்ளவருக்கு ஆகாமல் போவது இதனால்தான். சாக்லேட், மது, கொழுப்பு மிகுந்த உணவு, புகைப்பழக்கம் ஆகியவையும் வளையத்தைத் தளர்த்தக்கூடியவை.

பாலும் அப்படித்தான். உள்ளே போகும்போது அமிலத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது; பிறகு அதிலுள்ள புரதமும் கால்சியமும் இரைப்பையை மேலும் அமிலம் சுரக்கத் தூண்டுகின்றன. படுக்கப் போகும் முன் ஒரு பெரிய கோப்பை பால் குடிக்கும் பழக்கம் இருந்து, நள்ளிரவில் எரிச்சலோடு விழிப்பவர்கள், சில நாள் அதை நிறுத்திப் பார்க்கலாம்.

சமையல் சோடாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஆபத்து அதிகம். அது அமிலத்தைச் சமன் செய்வது உண்மை. அந்த வினையில் கரியமில வாயு உண்டாகிறது. வயிறு உப்பி, அழுத்தம் கூடி, ஏப்பத்தோடு அமிலமும் ஏறலாம். வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு சமையல் சோடாவைக் கரைத்துக் குடிப்பது இன்னும் மோசம். அதைவிடக் கவனிக்க வேண்டியது சோடியம். ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 2,000 மில்லிகிராம்தான். இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது.

‘அமிலம் குறைவதால்தான் எரிகிறது’ என்று வினிகர் குடிக்கச் சொல்பவர்களும் உண்டு. அதற்கு உறுதியான சான்று இல்லை. பல் எனாமல் அரிப்பதும், புண்ணான உணவுக்குழாய் மேலும் எரிவதும்தான் மிச்சமாகும். அதிமதுரத்தைத் தொடர்ந்து அதிக அளவில் எடுத்தால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். மூலிகை என்பதற்காக அளவு தேவையில்லை என்றாகிவிடாது. குமட்டலுக்கு இஞ்சி சிறிதளவு உதவும். அதிகமானால் இஞ்சியே எரிச்சல் தரும்.

உணவுப் பட்டியலை வெட்டித் தள்ளுவது இன்னொரு தவறு. காரம், புளிப்பு, காபி, தக்காளி என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒதுக்கிவிட்டு ஒரு மாதத்தில் சலித்துப்போவதில் பயனில்லை. ஒருவருக்கு ஆகாதது இன்னொருவருக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு வாரம் ஒரு நோட்டில் என்ன சாப்பிட்டோம், எவ்வளவு, எப்போது, எரிச்சல் எப்போது வந்தது என்று குறித்துவந்தால் உண்மையான காரணம் பிடிபடும். பல நேரம் உணவு குற்றவாளியாக இருக்காது. பகலில் பட்டினி கிடந்து இரவில் மொத்தமாக உண்டதுதான் காரணமாக இருக்கும். சிறிய அளவில் உண்பதும், கடைசி உணவுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேரம் விடுவதும் எந்தக் கஷாயத்தைவிடவும் கைகொடுக்கும் என்பது என் கருத்து.

படுப்பதிலும் ஒரு தவறு உண்டு. தலையணைகளை அடுக்கினால் உடம்பு இடுப்பில் மடங்கி, வயிற்றின்மீது அழுத்தம்தான் கூடும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்த வேண்டும். இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே அமைவதால் அமிலம் ஏறுவது குறைகிறது. இறுக்கமான பெல்ட்டைத் தளர்த்தவும். எடை கூடியிருந்தால் கொஞ்சம் குறைந்தாலே வித்தியாசம் தெரியும்.

உணவையே குற்றம் சொல்லிக்கொண்டு மாத்திரைகளை மறந்துவிடுகிறோம். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கக்கூடியவை. அல்சர் எனப்படும் அந்தப் புண்ணுக்கு இன்னொரு முக்கியக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா. அதைக் கண்டறிந்த பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமியைப் பத்தியத்தால் விரட்ட முடியாது, ஆன்டிபயாடிக் வேண்டும்.

விழுங்கச் சிரமம், கறுத்த மலம், இரத்த வாந்தி, காரணமில்லாத எடைக் குறைவு இருந்தால் கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தக் கூடாது. நெஞ்சு அழுத்துவது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்வையோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் அது இதயமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இயற்கை முறைக்கு மாறுகிறேன் என்று நெடுநாள் எடுத்த, அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் மாத்திரைகளைத் திடீரென நிறுத்துபவர்களுக்கு அமிலச் சுரப்பு முன்பைவிடக் கூடுதலாகத் திரும்பலாம். அது சில வாரங்களில் அடங்கிவிடும். ஆனால் அதற்குள் பயந்துபோய்ப் பலர் மறுபடியும் மாத்திரைக்கே போய்விடுகிறார்கள். மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைத்தால் இந்தத் தொல்லையைத் தவிர்க்கலாம்.