முழுச் சாமானோடு மலையேறும் டபல் கெப்புக்கு எந்த ஸ்பிரிங்?

கெப்பின் பின்பக்கம் அமுங்கிவிட்டது என்றதும் பலர் முதலில் மாற்றுவது ஷொக் அப்சோபரைத்தான். காசுதான் வீண். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் ஆடும் ஆட்டத்தை அடக்குவதுதான் ஷொக்கின் வேலை. காஸ் அடைத்த ஷொக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், ஆனால் நாலு பேரையும் கூடாரத்தையும் தண்ணீர்க் கேன்களையும் அது சுமக்காது. அதனால் முதலில் எடை, அடுத்து ஸ்பிரிங், கடைசியில் அந்த ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷொக் என்று போக வேண்டும்.

இங்கே சொல்வது பெரும்பாலும் ஹைலக்ஸ், எல் 200, டி-மெக்ஸ், ரேஞ்சர் போன்றவற்றுக்கு. இவற்றில் முன்னால் கொயில் (சுருள்), பின்னால் லீஃப் ஸ்பிரிங் (தகடுகளை அடுக்கிக் கட்டிய கட்டு). நவாராவின் சில மொடல்களில் பின்னாலும் கொயில்தான். அதற்கு எங்கே வித்தியாசம் வருகிறதோ அங்கே சொல்லியிருக்கிறோம்.

முதலில் தராசு

பயணம் போகும் நாளில் இருப்பதுபோலவே வண்டியை நிரப்புங்கள். டாங்க் நிறைய டீசல், கேன் நிறைய தண்ணீர், சீட்டில் ஆட்கள், கூரையில் கூடாரம். கல் உடைக்கும் இடத்திலோ பழைய இரும்பு வாங்கும் யார்டிலோ லொறி நிறுக்கும் தராசு இருக்கும். முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு தடவை, முழு வண்டியையும் ஏற்றி ஒரு தடவை, பின் சக்கரங்கள் மட்டும் தராசில் நிற்க ஒரு தடவை என மூன்று முறை நிறுங்கள். முன்னும் பின்னும் கூட்டினால் ஏறக்குறைய மொத்தம் வர வேண்டும். வராவிட்டால் தராசுத் தட்டும் பக்கத்துத் தரையும் ஒரே மட்டத்தில் இல்லை என்று அர்த்தம்.

கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் மொத்த எடைக்கு ஓர் உச்ச அளவு போட்டிருப்பார்கள். சில வண்டிகளில் அக்சிலுக்குத் தனித்தனி அளவும் இருக்கும். அதைத் தாண்டியிருந்தால் ஸ்பிரிங் கடைக்குப் போவதற்கு முன் சாமானைக் குறையுங்கள். கனத்த ஸ்பிரிங் போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், ஆனால் பிரேக்கும் அக்சிலும் செசியும் பழைய பலத்தில்தான் இருக்கின்றன. டயரின் பக்கச் சுவரில் உள்ள பார எண்ணையும் பாருங்கள்: 112 என்றால் ஒரு டயருக்கு 1120 கிலோ, 116 என்றால் 1250, 121 என்றால் 1450.

எடை எவ்வளவு என்பதைப் போலவே அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3 மீற்றர் இருக்கும் ஒரு கெப்பை எடுத்துக்கொள்வோம். பின் அக்சிலுக்கு ஒரு மீற்றர் பின்னால், டெயில் கேட்டை ஒட்டி, 40 லீற்றர் தண்ணீர் வைத்தால் பின் அக்சிலில் 40 கிலோ அல்ல, 53 கிலோ ஏறும். முன் அக்சிலிலிருந்து 13 கிலோ குறையும். வின்ச்சோடு சேர்ந்த இரும்பு பம்பர் 100 கிலோ, முன் அக்சிலுக்கு ஒரு மீற்றர் முன்னால் என்றால் முன்னால் 133 கிலோ ஏறி, பின்னால் 33 கிலோ குறையும். நெம்புகோல் கணக்குத்தான். தண்ணீர்க் கேனை டெயில் கேட்டிலிருந்து கெபின் சுவரோடு ஒட்டி நகர்த்துவதற்கு ஒரு சதமும் செலவில்லை, முதலில் அதைச் செய்து பாருங்கள்.

நான்கு சீமெந்து மூட்டை

இப்போதிருக்கும் ஸ்பிரிங் எவ்வளவு கடினம் என்பதை வீட்டிலேயே அளந்துவிடலாம். சமதரையில் வெறும் வண்டியை நிறுத்தி, பின் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை டேப்பால் அளந்து இரண்டு பக்கமும் எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர்க் காற்று கணக்கைக் கெடுக்கும். அக்சிலுக்கும், அது மேலே வந்தால் முட்டும் பம்ப் ஸ்டொப் ரப்பருக்கும் இடையிலுள்ள இடைவெளியையும் அளவெடுங்கள். பிறகு 50 கிலோ சீமெந்து மூட்டை நான்கை அக்சிலுக்கு நேர்மேலே வைத்து, வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டிவிட்டு மறுபடி அளங்கள்.

உதாரணத்துக்கு 200 கிலோவுக்கு 30 மில்லிமீற்றர் இறங்கினால், 100 கிலோவுக்கு 15. உங்கள் பயணச் சாமான் பின் அக்சிலில் ஏற்றுவது 420 கிலோ என்றால் 63 மில்லிமீற்றர் இறங்கும். வெறும் வண்டியில் பம்ப் ஸ்டொப் இடைவெளி 90 ஆக இருந்தால் மிஞ்சுவது 27. தோட்டத்துப் பாதையில் முதல் குழியிலேயே இரும்பு இரும்பை இடிக்கும். பாரம் ஏறிய பிறகும் 50, 60 மில்லிமீற்றராவது மிஞ்சும்படி ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுங்கள். லீஃப் கட்டின் அடித்தகடு தாமதமாகத் தொடும் வகையாக இருந்தால் பாரம் கூடக்கூடக் கடினமும் கூடும். அப்போது எட்டு மூட்டையிலும் ஒருமுறை அளப்பது நல்லது.

பின் ஸ்பிரிங்

ஓல்ட் மேன் ஈமு, அயர்ன்மேன், டொபின்சன்ஸ் போன்ற அவுஸ்திரேலிய கம்பனிகள் ஒரே வண்டிக்குப் பல பார வகுப்புகளில் ஸ்பிரிங் விற்கின்றன. பெட்டியில் ‘நிலையான 300 கிலோ’ என்று இருந்தால், அந்தப் பாரம் எந்நாளும் வண்டியில் இருக்க வேண்டும் என்று பொருள். வருடத்தில் இரண்டு தடவை ஏற்றுவது கணக்கில் சேராது. தவறு அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான். கிழமை நாட்களில் வெறும் வண்டியாக ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் ஓடும் கெப்புக்கு 500 கிலோ ஸ்பிரிங் போட்டால், மழையில் நனைந்த முடக்கில் ஒரு குழி வந்ததும் பின் சக்கரம் துள்ளும், துள்ளிய கணத்தில் பிடி இல்லை, வால் வழுக்கும். ரம்பொடைப் பக்கம் மூடுபனியில் இது விளையாட்டல்ல.

ஆகவே எப்போதும் கழற்றாத சாமானை (கெனப்பி, லாச்சிப் பெட்டி, இரண்டாவது பெட்டரி) கூட்டி அதற்கேற்ற வகுப்பை எடுங்கள். சனி, ஞாயிறு மட்டும் ஏறும் பாரத்துக்கு, கீழே தனித்து நிற்கும் உதவித் தகடு உள்ள கட்டு பொருத்தம். வெறும் வண்டியில் அது தொடாது, பாரம் ஏறினால்தான் வேலை செய்யும்.

பழைய கட்டுக்குள் ஒரு தகடு சேர்ப்பது மலிவு. ஆனால் பிரதான தகடே சோர்ந்திருந்தால் புதுத் தகடு சில மாதம்தான் தூக்கும். சேர்க்கும் தகடு குட்டையாகவும் தடிப்பாகவும் இருந்தால் அதன் நுனி முட்டும் இடத்தில் பிரதான தகடு மடங்கி மடங்கி ஒடியும். பஞ்சிகாவத்தையில் வாங்கும் பழைய கட்டும் அப்படித்தான். பார வகுப்பு யாருக்கும் தெரியாது, தகட்டுக்கிடையே துருப் பள்ளம் இருந்தால் வெடிப்பு தொடங்குவது அங்கிருந்துதான். கட்டைப் பிரித்துப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

ஸ்பிரிங்குக்கு உதவியாகக் காற்று ஊதி வைக்கும் பை பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கொயில் ஸ்பிரிங்குக்குள் வைக்கும் பையில் இந்தச் சிக்கல் இல்லை. பாரம் ஏற்கெனவே விழும் அதே இருக்கையில்தான் விழுகிறது. லீஃப் வண்டியில் அப்படியல்ல. லீஃப் ஸ்பிரிங் தன் பாரத்தைச் செசியின் இரண்டு இடங்களில், முன் கொக்கியிலும் பின் ஷெக்கிளிலும் (ஸ்பிரிங்கின் பின்நுனியைச் செசியோடு இணைக்கும் ஆடும் இணைப்பு), பகிர்ந்து கொடுக்கிறது. இரண்டுக்கும் நடுவே பையை வைத்து ஊதினால் பாரத்தில் பெரும்பங்கு அந்த ஒரே புள்ளியில் குவிகிறது. டெயில் கேட்டுக்குப் பின்னாலும் சாமான் தொங்கி, வேகமாக ஒரு குழியில் விழுந்தால் கெபினுக்கும் தட்டுக்கும் இடையே செசி மடங்கிவிடும். சோர்ந்த ஸ்பிரிங்கை மறைக்கப் பை போடவே கூடாது. நல்ல ஸ்பிரிங் இருந்து, வண்டியைச் சமப்படுத்த மட்டும் கொஞ்சக் காற்று என்றால் சரி. அதுவும் பையோடு வரும் தாளில் உள்ள குறைந்த, கூடிய அழுத்தத்துக்குள்.

முன்பக்கம்

இரும்பு பம்பர், வின்ச் இல்லாவிட்டால் முன்னால் கனத்த கொயில் தேவையே இல்லை. உயர்த்துவது 40 மில்லிமீற்றருக்குள் நின்றால் நல்லது, 50 தான் எல்லை. அதற்கு மேல் போனால் டிரைவ் ஷாஃப்டின் மூட்டு அதிகக் கோணத்தில் சுழன்று அதை மூடிய ரப்பர் உறை (பூட்) கிழியும், மேல் ஆமின் போல் ஜொயின்ட் முட்டும், காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்து ஸ்டியரிங் நேரே நிற்காது. வேலை முடிந்ததும் வீல் அலைன்மன்ட் கட்டாயம், பாரத்தோடு செய்வது இன்னும் நல்லது. கொயிலை ஷொக்கிலிருந்து கழற்ற நல்ல ஸ்பிரிங் கம்பிரசர் வேண்டும். கயிற்றையும் கம்பியையும் கட்டிக் கழற்ற முற்படும் கராஜில் வண்டியை விடாதீர்கள், ஆள் சாகும் வேலை அது.

ஷொக்

தனி டாங்க் வைத்த விலை உயர்ந்த ஷொக்கை மலைநாட்டு ஓட்டத்துக்கு வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அவை சூட்டைத் தணிக்கச் செய்தவை. ஷொக் அப்படிச் சுடுவது நீண்ட அலைபோன்ற மண் ரோட்டில் மணிக்கணக்காக வேகமாக ஓடும்போது. மீமுரைக்கோ ஓஹியாப் பக்கத்து டெவில்ஸ் ஸ்டெயார்கேஸுக்கோ முதல் கியரில் ஊர்ந்து போகும் வண்டிக்கு அந்தச் சூடு வராது. அகலமான பிஸ்டன் உள்ள சாதாரண ஷொக் போதும். ஆனால் அது புது ஸ்பிரிங்கின் வகுப்புக்கும் உயரத்துக்கும் செய்ததாக இருக்க வேண்டும். கடின ஸ்பிரிங்கோடு பழைய ஷொக் போனால், ஒரு மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் வண்டி இரண்டு மூன்று தடவை தலையாட்டும். நீளம் தவறினால் உடனே உடையும்: குட்டையானது சக்கரம் தொங்கும்போது இழுபட்டு அதை மாட்டும் கண் பிய்யும், நீளமானது பம்ப் ஸ்டொப்புக்கு முன்பே அடித்தட்டும்.

முடக்கில் சாய்வது ஷொக்கின் குற்றம் மட்டுமல்ல. கூரையில் 60 கிலோ கூடாரமும் அதன்மேல் டீசல் கேனும் (20 லீற்றர் என்றால் டீசல் மட்டும் 17 கிலோ) இருந்தால் எந்த ஷொக்கும் அதை மறைக்காது. கேனைக் கீழே இறக்குங்கள்.

யாரும் பார்க்காத பிரேக் வால்வ்

பல கெப்புகளில் பின் அக்சிலுக்கும் செசிக்கும் இடையே ஒரு மெல்லிய கம்பி ஓடி, ஒரு பிரேக் வால்வில் முடியும். அக்சிலுக்கும் செசிக்கும் உள்ள இடைவெளியை வைத்துத்தான் அந்த வால்வ் பாரத்தை அறிகிறது. வால் தாழ்ந்தால் பாரம் இருக்கிறது என்று பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும், உயர்ந்தால் வெறும் வண்டி என்று குறைக்கும். புது ஸ்பிரிங்கால் வால் 50 மில்லிமீற்றர் உயர்ந்ததும் வால்வ் ஏமாந்துவிடுகிறது. வண்டியில் 400 கிலோ இருக்கிறது, பின் பிரேக் பாதிதான் பிடிக்கிறது. மிச்சமெல்லாம் முன் பிரேக்கின் தலையில். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்குவது ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட இறக்கம். எரிந்த பேட் வாசனைக்குப் பாதிக் காரணம் இந்தக் கம்பி. உயர்த்திய அளவுக்கு அதன் தாங்கியை உயர்த்தியோ நீளத்தைத் திருத்தியோ, சேர்விஸ் புத்தகத்தின்படி பின் பிரேக் அழுத்தத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். சில புது மொடல்களில் இந்த வால்வ் இல்லை, ஏபிஎஸ்ஸே அதைப் பார்த்துக்கொள்கிறது. எதுவானாலும் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடுகின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

பூட்டும்போது

லீஃப் கட்டை அக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் பழைய யூ போல்டைத் திரும்பப் போடக்கூடாது. ஒருமுறை இறுக்கியபோதே நீண்டுவிட்டது, மறுபடி அதே பிடி தராது. புது நட்டோடு புது போல்ட். கட்டின் நடுப் போல்டின் தலை அக்சில் இருக்கையின் துளைக்குள் உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகு, நான்கு நட்டையும் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக, டோர்க் ரென்ச்சால் இறுக்குங்கள். ஸ்பிரிங் கண் போல்டையும் ஷெக்கிளையும் வண்டி ஜெக்கில் தொங்கும்போது இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருக்கும், சில மாதத்தில் கிழியும். சக்கரம் தரையில் நின்று, வண்டி தன் பாரத்தில் உட்கார்ந்த பிறகே கடைசி இறுக்கம். 500 கிலோமீற்றர் ஓடியதும் யூ போல்டை மறுபடி டோர்க் பாருங்கள். ஹெட்லைட்டையும் தாழ்த்துங்கள், உயர்ந்த வெளிச்சம் மூடுபனியில் வெள்ளைச் சுவராகத் திரும்பி வரும்.

முதல் பயணத்துக்கு முன் நட்டிலும் போல்டிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள், கோடு விலகினால் நட் சுழன்றிருக்கிறது. திரும்பி வந்ததும் பம்ப் ஸ்டொப் முட்டிய இடத்தில் மின்னும் தழும்பு, மட்கார்டுக்குள் டயர் உரசிய கறுப்பு, ஷொக்கில் எண்ணெய்க் கசிவு மூன்றையும் டோர்ச் அடித்துத் தேடுங்கள். வலப்பக்கம் 10, 15 மில்லிமீற்றர் தாழ்ந்து நின்றால் ஸ்பிரிங்கைக் குறை சொல்ல அவசரம் வேண்டாம். சாரதி உட்காருவது அந்தப் பக்கம். தண்ணீர்க் கேனை இடப்பக்கத்துக்கு மாற்றி, டேப்பை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள்.