ஏர்லைன் பைலட் நேர்காணலும் சிமுலேட்டர் தேர்வும்: படிப்படியாகத் தயாராவது எப்படி?

கமர்ஷியல் லைசென்ஸ் கையில் இருக்கிறது, இருநூறு சொச்சம் மணி நேரம் பறந்தாயிற்று, முதல் ஜெட் வேலைக்கு அழைப்பும் வந்துவிட்டது. இனி என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கான பதிவு இது. ஆவணச் சரிபார்ப்பு, கணினித் தேர்வு, நேர்காணல், சிமுலேட்டர் என்று தேர்வு பல கட்டமாக நடக்கும். வரிசை மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

எந்தக் கட்டமானாலும் எதிரே இருப்பவர் மனதில் ஓடுவது இரண்டே கேள்விகள்: இவரைப் பயிற்சிக்கு அனுப்பினால் குறித்த நேரத்தில் தேறுவாரா? காக்பிட்டில் இவர் பக்கத்தில் நிம்மதியாக உட்கார முடியுமா? உங்களிடம் பத்தாண்டு அனுபவமுள்ள கேப்டனின் திறமையை யாரும் எதிர்பார்க்கவில்லை.

படி 1: லாக்புக்

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் லாக்புக்கை (பறந்த நேரங்களின் பதிவேடு) திறங்கள். நேர்காணலில் பாதிக் கேள்விகள் அங்கிருந்துதான் வரும். மொத்த மணி, கமாண்ட் மணி (நீங்களே பொறுப்பேற்றுப் பறந்தது), இரட்டை எஞ்சின், இரவு, இன்ஸ்ட்ருமென்ட் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது) ஆகிய ஐந்தையும் பக்கம் பக்கமாகக் கூட்டிச் சரிபாருங்கள். எங்கோ ஒரு பக்கத்தில் விழுந்த கூட்டல் பிழை, அடுத்த பக்கத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டுக் கடைசி வரை வந்து நிற்கும். விண்ணப்பத்தில் எழுதிய எண்ணும் லாக்புக் எண்ணும் பத்து மணி வேறுபட்டால் அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பிழை இருந்தால் ஒற்றைக் கோடு அடித்துத் திருத்திக் கையெழுத்திடுங்கள். வெள்ளை மை பூசாதீர்கள்.

அடுத்து, சொல்லத் தகுந்த சில பறத்தல்களுக்குக் கொடி ஒட்டி வையுங்கள்: வானிலையால் திரும்பி வந்தது, மாற்று விமான நிலையத்துக்குப் போனது, ரேடியோ பழுதானது. ஒரு வரியில் விரல் வைத்து "அன்றைக்கு ஏன் திரும்பினீர்கள்?" என்று கேட்டால் தடுமாறக் கூடாது.

ஏதாவது தேர்வில் தோற்றிருந்தால் மறைக்க வேண்டாம். என்ன நடந்தது, ஏன் நடந்தது, அதன் பிறகு என்ன மாற்றினீர்கள் என்று மூன்று வாக்கியத்தில் சொல்லி நிறுத்துங்கள். பயிற்றுநர் மேல் பழி போட்டால் அந்த அறையிலேயே கதை முடிந்தது.

லைசென்ஸ், முதல் வகுப்பு மருத்துவச் சான்று, ஆங்கிலத் திறன் சான்று (ஐகாவோ என்னும் சர்வதேச சிவில் விமான அமைப்பின் அளவுகோலில் குறைந்தது நிலை 4) ஆகியவற்றின் காலாவதித் தேதிகளையும் பாருங்கள்.

படி 2: தொழில்நுட்பக் கேள்விகள்

ஆயிரம் கேள்வி–பதில் தொகுப்பை மனப்பாடம் செய்வது வீண் வேலை. முதல் பதில் சரியாக வந்ததும் "ஏன்?" என்பார்கள், அதற்குப் பதில் சொன்னால் இன்னொரு "ஏன்?". மனப்பாடம் இரண்டாவது கேள்வியிலேயே உடைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு தலைப்பையும் மூன்று அடுக்கு ஆழத்துக்குப் படியுங்கள்.

டேக்-ஆஃப் ஓட்டத்தில் வரும் வி1 வேகத்தை எடுத்துக்கொள்வோம். "முடிவெடுக்கும் வேகம்" என்று சொல்லி நிறுத்துபவர்கள் அதிகம். உண்மையில் அது நிறுத்துவதற்கான முதல் செயல் தொடங்கியிருக்க வேண்டிய கடைசி வேகம். வி1-இல் யோசிக்க ஆரம்பித்தால் தாமதம், முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாம் அடுக்கு: ஈரமான ரன்வேயில் வி1 ஏன் குறைகிறது? பிரேக் பிடிப்பு குறைவதால் நிறுத்தும் தூரம் நீள்கிறது, எனவே முன்னதாகவே நிறுத்த ஆரம்பிக்க வேண்டும். அப்படியானால் வி1-க்குப் பிறகு எஞ்சின் போனால் வேகம் கூட்ட அதிகத் தூரம் தேவைப்படுமே? அதை ஈடுகட்டத்தான் ரன்வே முனையைக் கடக்க வேண்டிய உயரம் 35 அடியிலிருந்து 15 அடியாகத் தளர்த்தப்படுகிறது. மூன்றாம் அடுக்கு: வி1-க்கு எல்லைகள் என்ன? மேலே வி-ஆர் (மூக்கைத் தூக்கத் தொடங்கும் வேகம்), கீழே தரையில் ஒற்றை எஞ்சினோடு ரடர் (வால் சுக்கான்) மூலம் நேராகப் பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச வேகம். இவ்வளவையும் ஒரு காகிதத்தில் படம் வரைந்து சொல்ல முடிந்தால் அந்தத் தலைப்பு முடிந்தது.

இதே ஆழத்தில் பார்க்க வேண்டியவை: பின்னோக்கி வளைந்த இறக்கையும் டச்சு ரோலும் (மூக்கும் இறக்கையும் மாறி மாறி ஆடுவது), அதை அடக்கும் யா டேம்பர், அதிக உயரத்தில் மாக் எல்லைக்கும் (ஒலி வேகத்தை ஒட்டிய மேல் வரம்பு) ஸ்டாலுக்கும் (இறக்கை தூக்கும் திறனை இழப்பது) நடுவே இடைவெளி சுருங்குவது, எரிபொருள் கணக்கு. கடைசியதில் "மினிமம் ஃபியூயல்", "மேடே ஃபியூயல்" என்ற ரேடியோ அறிவிப்புகள் இரண்டையும் குழப்புபவர்கள் ஏராளம். இனி தாமதப்படுத்தினால் இறங்கும்போது ஃபைனல் ரிசர்வைத் தொட நேரும் என்பது முதலாவது. நிச்சயம் ரிசர்வுக்குக் கீழே போய்த்தான் இறங்குவோம் என்று கணக்கு காட்டினால் இரண்டாவது. ஜெட்டுக்கு ஃபைனல் ரிசர்வ் என்பது 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் பறக்கத் தேவையான எரிபொருள்.

மெட்டார் (தற்போதைய வானிலை), டாஃப் (வானிலை முன்னறிவிப்பு) செய்திகளையும் அப்ரோச் சார்ட்டையும் (தரையிறங்கும் வழிப்படம்) தினம் ஒன்று வீதம் வாய்விட்டு வாசியுங்கள். மனதுக்குள் வாசிப்பது வேறு, மேசைக்கு எதிரே ஒருவர் காத்திருக்கும்போது சத்தமாக வாசிப்பது வேறு.

படி 3: மனக்கணக்கு

நாலைந்து சூத்திரம் போதும், ஆனால் அவை அனிச்சையாக வர வேண்டும்.

- இறங்கும் தூரம்: குறைக்க வேண்டிய உயரத்தை ஆயிரம் அடிகளாக்கி மூன்றால் பெருக்கவும். 35,000-லிருந்து 5,000-க்கு 30 × 3 = 90 நாட்டிகல் மைல். அதோடு, குறைக்க வேண்டிய ஒவ்வொரு 10 நாட் வேகத்துக்கும் ஏறத்தாழ ஒரு மைல் கூட்டவும்.
- 3 டிகிரி பாதையில் இறங்கும் வீதம்: தரைவேகம் × 5. 140 நாட்டுக்கு நிமிடத்துக்கு 700 அடி.
- அறுபதுக்கு ஒன்று: 60 மைல் தூரத்தில் 1 டிகிரி என்பது 1 மைல் விலகல்.
- நீர்ச்சறுக்கல் தொடங்கும் வேகம்: டயர் அழுத்தத்தின் வர்க்கமூலம் × 9. 196 பிஎஸ்ஐ என்றால் 14 × 9 = 126 நாட்.

படி 4: மனிதவளக் கேள்விகள்

"கருத்து வேறுபாட்டை எப்படிச் சமாளித்தீர்கள்?", "அழுத்தத்தில் எடுத்த முடிவு ஒன்று சொல்லுங்கள்." இவற்றுக்குச் சொந்த அனுபவத்திலிருந்து ஆறேழு நிகழ்வுகளைத் தேர்ந்து, சூழல், உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு என்ற வரிசையில் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிப் பழகுங்கள். "நாங்கள் செய்தோம்" என்றே முழுக்கப் பேசினால் உங்கள் பங்கு என்ன என்பது தெரியாமலே போகும்.

கற்பனைச் சூழல் கேள்விகளில் சிக்கல் வேறு மாதிரி. கேப்டன் மினிமத்தில் (ரன்வே தெரியாவிட்டால் அதற்குக் கீழே இறங்கக் கூடாத உயரம்) ரன்வே தெரியாமலே கீழே இறக்குகிறார், என்ன செய்வீர்கள்? "உடனே கண்ட்ரோலை எடுத்துக்கொள்வேன்" என்பதும் தவறு, "மேலிடத்தில் புகார் செய்வேன்" என்பதும் தவறு. பதிலைத் தீர்மானிப்பது கையிலுள்ள நேரம். 200 அடியில் சுற்றிவளைத்துப் பேச நேரமில்லை: "கோ அரவுண்ட்" (இறங்காமல் மீண்டும் மேலே ஏறுவது) என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பதில் இல்லையென்றால் மறுபடி சொல்லி, அப்போதும் அசைவில்லை என்றால்தான் கண்ட்ரோலை எடுக்க வேண்டும். கேப்டன்மீது மது வாடை வருகிறது என்பது வேறு கதை. விமானம் இன்னும் தரையில்தான் நிற்கிறது, நேரம் இருக்கிறது. தனியே அழைத்துப் பேசலாம், அவரே விலகிக்கொள்ள வழி விடலாம். ஆனால் விமானம் அவரோடு கிளம்பக் கூடாது என்பதில் மட்டும் பேரம் இல்லை.

இந்தக் கேள்விகளுக்கு இவ்வளவு எடை தருவதற்குக் காரணம் உண்டு. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்த விபத்தில், எதிரே இருந்த விமானம் ரன்வேயை விட்டு விலகிவிட்டதா என்ற சந்தேகத்தை, கிளம்பிக்கொண்டிருந்த விமானத்தின் ஃப்ளைட் எஞ்சினியர் எழுப்பினார். கேப்டன் அதைக் கடந்து போனார், எஞ்சினியரும் வற்புறுத்தவில்லை.

படி 5: சிமுலேட்டர்

முதலில் எந்த விமானம், என்ன ப்ரொஃபைல் (பறந்து காட்ட வேண்டியவற்றின் வரிசை) என்று கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். அதிலுள்ள பிட்ச் (மூக்கின் கோணம்), த்ரஸ்ட் (எஞ்சின் உந்துவிசை) எண்களையும் கால்-அவுட்களையும் (வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அறிவிப்புகள்) அப்படியே மனதில் ஏற்றுங்கள். எந்த நிலைக்கு எத்தனை டிகிரி பிட்ச், எத்தனை சதவீதம் என்1 (எஞ்சின் விசிறியின் சுழற்சி வேகம்) என்று தெரிந்தவருக்கு வேகமும் உயரமும் தாமாக வந்து உட்காரும். தெரியாதவர் ஊசியைத் துரத்திக்கொண்டே இருப்பார், யோசிக்க மூளையில் இடமிருக்காது.

காக்பிட் படத்தைச் சுவரில் ஒட்டி, நாற்காலியில் அமர்ந்து, கையை நீட்டி, வாயால் சொல்லி ஒத்திகை பாருங்கள். வீட்டுக் கணினி சிமுலேட்டர் ஸ்கேனுக்கும் (கருவிகளை வரிசையாகப் பார்ப்பது) நடைமுறைக்கும் உதவும். கண்ட்ரோலின் கனத்தை அது கற்றுத்தராது.

டேக்-ஆஃப், லெவல்-ஆஃப். விநாடிக்கு 2 முதல் 3 டிகிரி வீதம் மூக்கைத் தூக்குங்கள். வெடுக்கென்று இழுத்தால் வால் தரையில் உரசும். லெவல்-ஆஃபுக்கு (ஏறுவதை நிறுத்தி மட்டமாகப் பறப்பது) ஏறும் வீதத்தில் பத்தில் ஒரு பங்கு முன்னதாகத் தொடங்குங்கள்: நிமிடத்துக்கு 2,000 அடி என்றால் 200 அடி முன்பு. போயிங் 737 போன்றவற்றில் உடனே ட்ரிம் செய்யுங்கள் (கண்ட்ரோலின் அழுத்தத்தைச் சமன் செய்வது). ஏ320-இல் ட்ரிம் தானே நடக்கும், அங்கே சிக்கல் சைட்ஸ்டிக்கை ஓயாமல் கிளறுவது.

செங்குத்துத் திருப்பம். 45 டிகிரி சாய்வில் விமானத்தின் எடை 1.41 மடங்காக உணரப்படும். 30 டிகிரியைத் தாண்டும்போது பிட்சைச் சற்றுக் கூட்டி, த்ரஸ்டையும் கொஞ்சம் ஏற்றுங்கள். வெளியே வரும்போது அந்த இரண்டையும் திருப்பி எடுக்க மறப்பதால்தான் பலர் 200 அடி மேலே போய்விடுகிறார்கள்.

ஹோல்டிங் (ஒரே இடத்தில் சுற்றிக் காத்திருப்பது). வலதுபக்க ஹோல்டுக்குள் எந்த முறையில் நுழைவது என்பதற்கு எளிய வழி: ஃபிக்ஸை (ஹோல்டின் குறிப்புப் புள்ளி) அடையும்போது உங்கள் ஹெடிங்கிலிருந்து (மூக்கு நோக்கும் திசை) அவுட்பவுண்ட் (ஃபிக்ஸிலிருந்து விலகிப் போகும்) திசை வலப்பக்கம் 70 டிகிரிக்குள் இருந்தால் டியர்டிராப், இடப்பக்கம் 110 டிகிரிக்குள் இருந்தால் பேரலல், மற்றபடி டைரக்ட். இடதுபக்க ஹோல்டுக்கு இதையே புரட்டிப் போடுங்கள். ஐகாவோ முறையில் 14,000 அடி வரை அவுட்பவுண்ட் ஒரு நிமிடம், சாதாரணமாக வேகம் 230 நாட்டுக்கு மேல் போகக் கூடாது. காற்றுத் திருத்தம் இன்பவுண்டில் (ஃபிக்ஸை நோக்கி வரும்போது) 5 டிகிரி என்றால் அவுட்பவுண்டில் மூன்று மடங்கு. ஃபிக்ஸுக்கு மூன்று நிமிடம் முன்பே வேகத்தைக் குறைக்கத் தொடங்குங்கள்.

ரா டேட்டா ஐஎல்எஸ் (தானியங்கி வழிகாட்டல் இல்லாமல், ரேடியோ கற்றையைக் காட்டும் ஊசிகளை மட்டும் பார்த்து இறங்குவது). மதிப்பெண் குவிந்து கிடக்கும் இடம் இதுதான். 140 நாட்டில் ஒரு டிகிரி பிட்ச் மாற்றம் இறங்கும் வீதத்தை ஏறத்தாழ 230 அடி மாற்றும். ஆகவே கிளைடு ஸ்லோப் (இறங்கு பாதையின் சரிவு) திருத்தம் அரை டிகிரி, அதிகம் போனால் ஒரு டிகிரி. இன்னொன்று: கிளைடு ஸ்லோப்பின் முழு விலகல் சுமார் 0.7 டிகிரி. பத்து மைலில் அது 740 அடி, ஒரு மைலில் 74 அடி. ஊசி அதே அளவு நகர்ந்தாலும் நிலம் நெருங்க நெருங்க அதன் பொருள் சிறுத்துக்கொண்டே வருகிறது. பத்து மைலில் போட்ட அளவுக்கு ஒரு மைலில் திருத்தம் போட்டால் விமானம் மேலும் கீழுமாக ஊசலாட ஆரம்பிக்கும். ரன்வேயின் நடுக்கோட்டைக் காட்டும் லோக்கலைசருக்கும் இதே கதைதான்: வெளியே 5 டிகிரி ஹெடிங், கடைசி மைல்களில் 2 டிகிரி. மாற்றிவிட்டு என்ன நடக்கிறதென்று பார்க்கக் காத்திருங்கள். கருவி வானிலையில் (கருவிகளை நம்பியே பறக்க வேண்டிய வானிலை) 1,000 அடியில் வேகம், ஃப்ளாப் (இறக்கை மடல்), கியர் (சக்கரங்கள்), செக்லிஸ்ட் எல்லாம் ஒழுங்காக அமையவில்லையென்றால் கோ அரவுண்ட் போங்கள். அதற்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்கள்.

எஞ்சின் பழுது. மூக்கு ஓடுவது செத்த எஞ்சின் பக்கம். உயிரோடு இருக்கும் எஞ்சின் பக்கத்து ரடரை மிதியுங்கள். 400 அடி வரை பறப்பதும் கியரை எடுப்பதும் தவிர வேறொன்றும் செய்யாதீர்கள். அதன் பிறகு எந்த எஞ்சின் என்பதை இருவருமாகப் பார்த்து, வாய்விட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 1989 ஜனவரியில் இங்கிலாந்தின் கெக்வொர்த்தில் நடந்த விபத்தில் நல்ல எஞ்சினை அவசரத்தில் நிறுத்திவிட்டார்கள். 47 பேர் இறந்தார்கள்.

இன்னொரு விண்ணப்பதாரரோடு ஜோடியாகப் பறக்க வைத்தால், பைலட் மானிட்டரிங்காக (பறப்பவரைக் கண்காணிக்கும் பைலட்) இருக்கும் நேரமும் தேர்வு நேரம்தான். அவர் உயரம் தவறினால் "ஆல்டிடியூட்" என்று உடனே சொல்லுங்கள். தவறட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பவரைத் தேர்வாளர் கவனிக்காமல் விடமாட்டார்.

நடுவே தேர்வாளர் ஒரு திருத்தம் சொன்னால், அதை அடுத்த முயற்சியிலேயே செய்து காட்டுங்கள். முதல் முயற்சி எப்படி இருந்தது என்பதைவிட இரண்டாவதில் என்ன மாறியது என்பதையே அதிகம் பார்ப்பார்கள்.

படி 6: அன்றைய நாள்

அசல் ஆவணங்கள் ஒரு கோப்பில், நகல்கள் இன்னொன்றில். இரண்டு பேனா, ஒரு ஸ்டாப்வாட்ச். வரவேற்பறையில் இருப்பவரிடமும் மரியாதையாகப் பேசுங்கள், அவர்கள் கருத்தையும் கேட்கும் நிறுவனங்கள் உண்டு.

சிமுலேட்டரை விட்டு இறங்கியதும் "எப்படிப் போயிற்று?" என்று கேட்பார்கள். மன்னிப்புப் பட்டியல் வாசிக்க வேண்டாம். நன்றாக வந்தது ஒன்று, சொதப்பியது இரண்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம், மறுபடி கொடுத்தால் எதை மாற்றுவீர்கள். "ஹோல்டுக்கு வேகத்தைத் தாமதமாகக் குறைத்தேன், அதனால் என்ட்ரியில் அகலமாகப் போய்விட்டேன், அடுத்த முறை மூன்று நிமிடம் முன்பே குறைப்பேன்" என்கிற அளவுக்கு இருந்தால் போதும்.