செவ்வாயின் காற்றழுத்தம்: ஒரு கால்குலேட்டர் போதும்

1965 ஜூலையில் மாரினர் 4 விண்கலம் செவ்வாயைக் கடந்து போனது. அது எடுத்த படங்கள்தான் பிரபலம். என்னைக் கேட்டால், படம் எடுத்து முடித்த பிறகு நடந்ததுதான் சுவாரசியம். கலம் செவ்வாய்க்குப் பின்னால் போய் மறைந்தது. மறையும் நேரத்தில் அதன் ரேடியோ அலை செவ்வாயின் காற்றைத் துளைத்துக்கொண்டு பூமிக்கு வந்தது. அந்த அலையை வைத்தே காற்றழுத்தத்தைக் கணித்தார்கள். அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம்.

படி 1: பாத்திரத்தில் காசைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் காசு மேலே எழும்பியதுபோல் தெரியுமே, அதே ஒளிவிலகல்தான் இங்கேயும். செவ்வாயின் காற்று அலையை வளைக்கிறது. எவ்வளவு? ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு.

படி 2: இவ்வளவு சின்ன வளைவை நேரடியாக அளக்க முடியாது. ஆனால் அலை வளைந்தால் அதன் டாப்ளர் பெயர்ச்சியும் (கலம் நகர்வதால் அதிர்வெண்ணில் வரும் மாற்றம்) மாறும். கலத்தின் பாதை தெரியும் என்பதால், காற்றே இல்லாவிட்டால் என்ன அதிர்வெண் வந்திருக்கும் என்று கணக்கிட்டு, வந்த அதிர்வெண்ணிலிருந்து கழிக்க வேண்டும். 230 கோடி ஹெர்ட்ஸில் மிஞ்சுவது வெறும் சில ஹெர்ட்ஸ்! அதனால்தான் தரை நிலையத்தில் அணுக் கடிகாரம் தேவைப்பட்டது.

அந்த மிச்சத்தை ஒளிவிலகல் எண்ணாக (காற்று அலையை எவ்வளவு வளைக்கிறது என்று சொல்லும் எண்; வெற்றிடத்துக்கு 1) மாற்றும் கணிதம் கொஞ்சம் முரடு, விட்டுவிடுவோம். கிடைத்த விடை: தரையருகே ஒளிவிலகல் எண் 1.0000036. தசமத்துக்குப் பின் வரும் அந்த 3.6தான் (பத்து லட்சத்தில்) நமக்கு வேண்டியது. சுமார் 9 கி.மீ. மேலே போனால் அது 2.7 மடங்கு குறைந்துவிடுகிறது.

படி 3: வெப்பநிலை. காற்று சூடாக இருந்தால் அதன் அடர்த்தி உயரத்தோடு மெதுவாகக் குறையும், குளிர்ந்திருந்தால் சட்டென்று குறையும். அதனால் மேலே சொன்ன 9 கி.மீ.யை வைத்தே வெப்பநிலையைச் சொல்லிவிடலாம். செவ்வாயின் ஈர்ப்பில், கார்பன் டை ஆக்சைடுக்கு அந்த 9 கி.மீ.யில் ஒவ்வொரு கி.மீ.க்கும் ஏறக்குறைய 20 கெல்வின் என்று வைத்துக்கொள்ளலாம். 9 × 20 = 180 கெல்வின். அதாவது மைனஸ் 93 டிகிரி செல்சியஸ்.

படி 4: அழுத்தம். பூமியில் 0 டிகிரியில் (273 கெல்வின்), 1013 மில்லிபாரில் (கடல் மட்டக் காற்றழுத்தம்), கார்பன் டை ஆக்சைடு தரும் அதே ‘பத்து லட்சத்தில்’ எண் 493. செவ்வாயில் 3.6. சரி, கால்குலேட்டரை எடுங்கள்:

(3.6 ÷ 493) × 1013 × (180 ÷ 273) = 4.9 மில்லிபார்.

“செவ்வாயில் இருப்பது கார்பன் டை ஆக்சைடுதான் என்று எப்படிச் சொல்கிறாய்?” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. நைட்ரஜன் என்று வைத்துப் பாருங்கள்: 493க்குப் பதில் 294. நைட்ரஜன் எடை குறைந்த வாயு என்பதால் வெப்பநிலை 115 கெல்வினுக்கு இறங்கிவிடும். அழுத்தமோ 5.2 மில்லிபார், பெரிய மாற்றமில்லை! ஆனால் அலை உரசிப்போன இடத்தில் அப்போது பகல் நேரம். வெயில் படும் செவ்வாயில் 115 கெல்வின் என்பது நம்பும்படி இல்லை.

மாரினர் 4க்கு முன்பு செவ்வாயின் காற்றழுத்தத்துக்கு 85 மில்லிபார் வரைக்கும் மதிப்பீடுகள் இருந்தன. அவ்வளவு காற்று இருந்திருந்தால் செவ்வாயில் இறங்கும் கலத்தைப் பாராசூட்டே தாங்கி இறக்கியிருக்கும். 1976இல் வைக்கிங் கலங்கள் பாராசூட்டைக் கழற்றிவிட்டு, கடைசித் தூரத்தை ராக்கெட் எஞ்சின் எரித்துத்தான் இறங்கின.